டியூப் ஏறவில்லை என்றால் அடுத்து என்ன?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய வாப்பாவுக்கு 71 வயது. சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்ட அன்று ராத்திரியே ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் மூன்று முறை டியூப் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது முறை, டியூப் நழுவாமல் நிற்க அதன் நுனியில் இருக்கும் பலூனை நிரப்பியதும் வாப்பா அலறிவிட்டார், ரத்தம் வந்தது. வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிய பிறகு, அங்கே ஸ்கேன் பார்த்து அடிவயிற்றில் ஊசி போட்டு 900 மி.லி. சிறுநீர் எடுத்தார்கள். "இனி சி-ஆர்மில், அதாவது திரையில் ஓடும் எக்ஸ்ரேயில், பார்த்து வயர் விட்டு டியூப் போடலாம், இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டு அதன் வழியே டியூப் வைக்கலாம், மதுரைக்குப் போகிறீர்களா?" என்கிறார்களாம். வாப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், இறால் ஒத்துக்கொள்ளாது. இது ஆபரேஷனா, எதற்குச் சம்மதிப்பது என்பது கேள்வி.

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசியில் எடுத்தது சில மணி நேரத் தவணைதான். சிறுநீரகம் வேலையை நிறுத்தாது. சிறுநீர்ப்பை மறுபடி நிறையும். சொந்தக்காரர்கள் எல்லாரையும் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறோம் என்று இழுக்காதீர்கள். இரண்டில் எது என்றாலும் இன்றைக்கே ஆக வேண்டும். வாப்பாவுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே மருத்துவரிடம் சொல்லுங்கள். அடைபட்ட நீரில் கிருமி இருந்து, கிழிந்த வழியாக ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, டியூப் ஏன் போகவில்லை? பெண்களுக்கு இந்த வழி சுமார் 4 சென்டிமீட்டர்தான், நேராகவும் இருக்கும். ஆண்களுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர். விதைப்பைக்குப் பின்னால் ஒரு வளைவு, அதைத் தாண்டி இறுகிப் பிடிக்கும் தசை வளையம், அப்புறம் பைக்குக் கீழே வழியைச் சுற்றி இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்குள் நுழைந்து, கடைசியில் பையின் கழுத்து. இந்த நான்கு இடங்களில் எங்கே வேண்டுமானாலும் குழாயின் நுனி முட்டி நிற்கலாம். கையில் உணர்வது ஒரு தடை மட்டுமே, அது என்ன தடை என்று கைக்குத் தெரியாது.

வாப்பாவின் வயதையும் சளி மாத்திரைக் கதையையும் கேட்டால் புராஸ்டேட் வீக்கம்தான் முதல் சந்தேகம். சளி மாத்திரைகள் பலவற்றில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். மூக்கடைப்பைக் குறைக்கும் மருந்து பையின் கழுத்தையும் இறுக்கும். தும்மலை நிறுத்தும் மருந்து பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். ஏற்கெனவே மெல்லிய தாரையில் போய்க்கொண்டிருந்தவருக்கு இவ்வளவு போதும், அடைத்துவிடும். இரண்டு மூன்று நாள் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இன்னொன்றையும் வாப்பாவிடம் கேளுங்கள். இளம் வயதில் வள்ளத்தின் விளிம்பிலோ, பனையிலிருந்து சறுக்கியோ, சைக்கிள் பாரிலோ கால் இரண்டு பக்கமும் விழ அடிபட்டதுண்டா? அந்த அடி சிறுநீர் வழியை இடுப்பெலும்போடு வைத்து நசுக்கிவிடும். அன்றைக்கு இரண்டு சொட்டு ரத்தம் வந்து சரியாகியிருக்கும். பல வருஷம் கழித்து அந்த இடம் தழும்பாகிச் சுருங்கும். இதைத்தான் மருத்துவர்கள் ஸ்ட்ரிக்சர் என்பார்கள். கடலுக்குப் போகிறவர்களும் பனையேறிகளும் உள்ள ஊர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது என்பது என் கருத்து. இதய ஆபரேஷனுக்காகவோ வேறு எதற்காகவோ முன்பு டியூப் போட்டிருந்தாலும் சொல்லுங்கள், வளைகுடா நாட்டில் இருந்தபோது போட்டதாக இருந்தாலும் சரி. பழைய டியூபின் உரசலாலும் சுருக்கம் வரும்.

ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், இரண்டு நோய்க்கும் வைத்தியம் எதிரெதிர். குழாயின் தடிமன் பிரெஞ்ச் என்ற அளவில் சொல்லப்படும். 3 பிரெஞ்ச் என்றால் 1 மில்லிமீட்டர். வழக்கமாகப் போடும் 16 அளவு 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அது போகவில்லை என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது மெல்லிசான குழாய். சுருக்கமாக இருந்தால் அது சரி. புராஸ்டேட்டாக இருந்தால் மெல்லிய குழாய் துவண்டு சுருண்டுகொள்ளும். அங்கே கொஞ்சம் தடித்த 18 அளவுதான் விறைப்பாக நின்று போகும், அதுவும் நுனி மேல்நோக்கி வளைந்த குழாயாக இருந்தால் இன்னும் எளிது. குழாய் கடைசிக்கு அருகில் போய் நின்றால் புராஸ்டேட் அல்லது பையின் கழுத்து, அதற்கு வெகு முன்பே நின்றால் சுருக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம். மரத்துப்போகும் ஜெல்லியை 10 மி.லி.க்குக் குறையாமல் உள்ளே விட்டு, சில நிமிடம் பொறுத்திருந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்தப் பொறுமையைத்தான். பயத்தில் இறுகிய தசை வளையம் தளர்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இவ்வளவும் செய்து, பழகிய கை இரண்டு முறை முயன்றும் போகவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது முயற்சிதான் கெடுதலைச் செய்கிறது. நுனி சுவரைக் குத்தி ஒரு பொய்வழியைத் தோண்டிவிடும். அதன் பிறகு எந்தக் குழாயை விட்டாலும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இறங்கும், பள்ளமும் ஆழமாகிக்கொண்டே போகும். வாப்பா அலறியதற்குக் காரணம், பலூன் பைக்குள் விரியாமல் வழிக்குள்ளேயே விரிந்திருக்கும். குழாயை இரண்டாகப் பிரியும் கவட்டை வரை உள்ளே தள்ளி, நீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பலூனை நிரப்ப வேண்டும். நீர் வராமல் பலூனை நிரப்புவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. அதற்காக இப்போது யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம். வேலை முடியட்டும்.

இனி உங்கள் கேள்வி. சி-ஆர்மில் வயர் விட்டுப் போடுவது ஆபரேஷன் அல்ல. கத்தி இல்லை, தையல் இல்லை. பெரும்பாலும் முழு மயக்கமும் தேவைப்படாது. ஜெல்லி போதும், சிலருக்குக் கொஞ்சம் தூக்க மருந்து சேர்ப்பார்கள். இதுவரை கண் தெரியாமல் செய்ததை இப்போது திரையில் பார்த்துக்கொண்டே செய்யப் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசம் பெரியது.

வாப்பாவை எக்ஸ்ரே மேஜையில் சற்றுச் சாய்வாகப் படுக்க வைப்பார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் அயோடின் மருந்தை நீர்த்து, வெளித் துவாரம் வழியாக மெதுவாகச் செலுத்துவார்கள். திரையில் வழி முழுக்க ஒரு கோடாகத் தெரியும். எங்கே ஒடுங்குகிறது, எங்கே பொய்வழி பக்கவாட்டில் ஒரு பை போலப் பிதுங்குகிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். அப்புறம் நீர் பட்டால் வழுக்கும் பூச்சுள்ள, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள கம்பியை விடுவார்கள். அதன் நுனி மிருதுவாக, லேசாக வளைந்திருக்கும். கூடவே நுனி வளைந்த ஒரு மெல்லிய குழாயும் போகும். இரண்டையும் திருப்பித் திருப்பி, பொய்வழியின் வாயைத் தவிர்த்து, சரியான வழிக்குள் நுழைப்பதில்தான் கைத்திறமை இருக்கிறது. பெரும்பாலும் பொய்வழி கீழ்ப்புறத்தில், அதாவது முதுகுப் பக்கம் இருக்கும். உண்மையான வழி அதற்கு மேலே. அதனால் நுனியை மேலே பார்த்தபடி வைத்துத் தேடுவார்கள். கம்பி பைக்குள் விழுந்துவிட்டால் திரையில் வட்டம் வட்டமாகச் சுருள்வது தெரியும். பொய்வழிக்குள் அப்படிச் சுருள இடம் கிடையாது.

கம்பி சுருண்டதோடு நம்பிவிட மாட்டார்கள். மெல்லிய குழாயைக் கம்பியின் மேலேயே பை வரை ஏற்றி, நீரை உறிஞ்சிப் பார்த்து, கொஞ்சம் மருந்தை விட்டுப் பை நிறைவதைப் பார்ப்பார்கள். அதன் பிறகு விறைப்பான கம்பிக்கு மாற்றி, தேவைப்பட்டால் ஒடுங்கிய இடத்தை அகட்டி, நுனியில் துளையுள்ள கதீட்டரை, அதாவது டியூபை, பாசிமணி கோர்ப்பது போலக் கம்பியின் மேல் ஏற்றிவிடுவார்கள். அந்த வகைக் கதீட்டர் கையிருப்பில் இல்லையென்றால், பலூன் உள்ள சாதாரண டியூபான ஃபோலியின் நுனியில் ஊசியால் துளை போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதைப் பார்த்து என்னமோ ஒட்டுவேலை என்று நினைத்துவிடாதீர்கள், அது தெரிந்து செய்கிற வேலை.

யூராலஜி மருத்துவர் இருக்கிற இடத்தில் சி-ஆர்முக்கு முன்னால் காமிராவைத்தான் எடுப்பார்கள். வளையும் சிஸ்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, கண்ணால் வழியைப் பார்த்து, அதன் வழியே கம்பியை விட்டு, காமிராவை வெளியே எடுத்துவிட்டுக் கம்பியின் மேல் டியூபை ஏற்றுவது. படுக்கையருகிலேயே முடிந்துவிடும், எக்ஸ்ரே கதிரும் கிடையாது. என்னைக் கேட்டால், இரண்டும் கிடைக்கிற இடத்தில் காமிராவே முதலில். ஒரே சங்கடம் ரத்தம். வழியில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் காமிராவில் சிவப்புத்தான் தெரியும், எக்ஸ்ரேக்கு ரத்தம் ஒரு தடையே இல்லை. வாப்பாவுக்கு ரத்தம் வந்ததால்தான் சி-ஆர்மைச் சொல்லியிருக்கிறார்களோ என்று தோன்றுகிறது. காமிரா வசதி அங்கே இல்லாமலும் இருக்கலாம். காரணத்தைக் கேளுங்கள், தப்பில்லை.

காமிராவும் எக்ஸ்ரேயும் இல்லாமல் கம்பியை மட்டும் கைப்போக்கில் விட்டுப் பார்ப்பதும் நடக்கிறது. முதல் முயற்சியிலேயே ரத்தம் வராமல் நின்றவருக்குச் சில சமயம் அது பலிக்கும். பொய்வழி விழுந்தவருக்கு வேண்டாம்.

அடுத்தது வயிற்றுத் துளை. கேட்டவுடன் பயம் வருகிறது, நியாயம்தான். ஆனால் இந்தக் கரையோரத்தின் தூரத்தை வைத்துப் பார்த்தால் இதைத்தான் நான் பெரிய துணையாக நினைக்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து என்றால் சுமார் 170. பை வெடித்துவிடும் போல நிறைந்த ஒருவரை ஆம்புலன்ஸில் அந்தத் தூரம் குலுக்கிக்கொண்டு போவது கொடுமை. சி-ஆர்மும் அதை இதற்காகக் கையாளத் தெரிந்தவரும் எல்லா ஊரிலும் ராத்திரி இரண்டு மணிக்குக் கிடைக்க மாட்டார்கள். வயிற்று ஸ்கேன் பல ஊர்களில் கிடைக்கும். நிறைந்த பை ஸ்கேனில் கறுப்பாக, பெரிதாக, தவறவே விடாதபடி தெரியும். இடுப்பெலும்பின் முன்விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே மரத்துப்போக ஊசி போட்டு, நடுவில் குடல் இல்லை என்று பார்த்து, நேராகப் பைக்குள் போய்விடலாம். துளை டியூப் வைக்கும் செட் இல்லையென்றாலும், முதுகுத்தண்டில் போடப் பயன்படும் நீளமான ஊசி ஒன்றைப் பைக்குள் விட்டு நீரை உறிஞ்சிவிட்டு அனுப்பலாம். உங்கள் வாப்பாவுக்கு யாரோ ஒரு மருத்துவர் செய்தது அதுதான். சரியான வேலை.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: ஸ்கேன் இயந்திரத்தை நம் நாட்டில் நினைத்த இடத்துக்குத் தூக்கிப்போய் நினைத்தவர் இயக்க முடியாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயந்திரம், இடம், இயக்கும் மருத்துவர் எல்லாம் பதிவில் இருக்க வேண்டும். அதனால் "பக்கத்து அறையில் ஸ்கேன் இருக்கிறதே, ஏன் காத்திருக்கச் சொல்கிறீர்கள்" என்று செவிலியரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. ஸ்கேன் மருத்துவரை வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

துளை எல்லாருக்கும் ஆகாது. பையில் புற்றுநோய் இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ கூடாது. அடிவயிற்றில் முன்பு ஆபரேஷன் ஆகியிருந்தால் குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஸ்கேன் இல்லாமல் தொடவே கூடாது. பை காலியாக இருந்தாலும் ஆபத்து. நிறையும்வரை பொறுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஓடினால் யோசித்துத்தான் செய்ய வேண்டும். உங்கள் வாப்பாவுக்குப் பொருந்துவது இந்தக் கடைசிதான். அதனால் இயற்கை வழியாகக் கம்பியின் மேல் டியூப் போகுமானால் அவருக்கு அது முதல் தேர்வு. அதற்காகப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. அது போகாதபோதுதான் துளை. நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையென்றால் முக்கியமாக. டியூபுக்குப் பயந்து மாரடைப்பை அழைக்க வேண்டாம்.

துளை போட்ட பிறகும் ஒரு வழி திறந்திருக்கிறது. மேலிருந்து பைக்குள் கம்பியை விட்டு, பையின் கழுத்து வழியாகக் கீழே இறக்கி வெளித் துவாரத்தில் எடுத்துவிடலாம். கீழிருந்து தேடும்போது ஏமாற்றுகிற பொய்வழியின் வாய், மேலிருந்து வரும்போது அவ்வளவு ஏமாற்றாது. கீழிருந்து முடியாத சிலருக்கு இப்படி முடிந்துவிடும்.

இறால் விஷயம். இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு எக்ஸ்ரே மருந்தில் உள்ள அயோடினும் ஒத்துக்கொள்ளாது என்று நம் பக்கம் எல்லாரும் நம்புகிறார்கள், சில ஆஸ்பத்திரிப் படிவங்களும் அப்படிக் கேட்கின்றன. இறால் அலர்ஜிக்குக் காரணம் அதன் தசையிலுள்ள புரதம். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பு ஆஞ்சியோ செய்தபோது மருந்து போட்டுத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்டென்ட் வைத்தவர் என்றால் அந்த மருந்து அவர் உடம்பில் ஏற்கெனவே போயிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்ல செய்தி, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வாப்பாவுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் இந்தக் கரையில் படிக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி மோதி இடுப்பெலும்பு உடைந்தவருக்கு, சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால், டியூபைத் தொடவே கூடாது. முதலில் மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்து, வழி அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, சங்கு குளிப்பவர்கள். கம்ப்ரஸர் காற்றில் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு மேலே வந்தவருக்குக் கால் மரத்து, கூடவே ஒண்ணுக்கும் வரவில்லை என்றால் அது வழியில் உள்ள அடைப்பல்ல. தண்டுவடத்தில் காற்றுக் குமிழி செய்கிற வேலை. டியூப் எளிதாகவே போகும், ஆனால் அதோடு வைத்தியம் முடியாது. உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

டியூப் போன பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காலி செய்ய வேண்டும், அரை லிட்டருக்கு ஒருமுறை கிளிப் போட்டு நிறுத்த வேண்டும் என்று பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு அவசியமில்லை, ஒரேயடியாக விடலாம். லேசாக ரத்தம் கலந்து வரலாம், பெரும்பாலும் தானாக நிற்கும். கவனிக்க வேண்டியது அளவை. பல நாள் அடைப்பு இருந்து சிறுநீரகம் சோர்ந்திருந்தால், விட்டவுடன் நீர் கொட்டத் தொடங்கும். மணிக்கு 200 மி.லி.க்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாகப் போனால் உப்பும் நீரும் இழந்து ரத்த அழுத்தம் இறங்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும், ஒவ்வொரு மணி நேரமும் வெளியே தொங்கும் பையில் விழுந்த அளவைக் குறிப்பதும் அதற்காகத்தான். அந்தக் குறிப்பை நீங்களே ஒரு தாளில் எழுதிவைத்தால் இன்னும் நல்லது.

புராஸ்டேட் வீக்கம் என்றால் டாம்சுலோசின் போன்ற மாத்திரை ஆரம்பிப்பார்கள். அது எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தரும். இரவில் பாத்ரூம் போகும்போது யாராவது கூட இருங்கள். பொய்வழி விழாத ஆளாக இருந்தால் சில நாளில் டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். வாப்பாவுக்குப் புண் ஆற வேண்டும், ஒன்றிரண்டு வாரமோ கூடவோ வைத்திருக்கச் சொல்லலாம். அதற்குள் டியூப் உறுத்துகிறது, தொழுகைக்குச் சிரமமாக இருக்கிறது என்று எடுக்கச் சொல்லி அடம்பிடிப்பார். விடாதீர்கள். நீர் சேரும் வெளிப்பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள், டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள். இரண்டு மணி நேரமாக அந்த வெளிப்பையில் ஒன்றும் விழாமல் அடிவயிறு கனத்தாலோ, கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, விதைப்பை வீங்கிக் கறுத்தாலோ நேராக ஆஸ்பத்திரி.

டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: டியூபின் அளவு, எங்கே தடை இருந்தது, கம்பியின் மேல் போடப்பட்டது என்ற குறிப்பு. பெரும்பாலும் இதை யாரும் தானாக எழுத மாட்டார்கள், கேட்டால் எழுதுவார்கள். அடுத்த மாதம் உள்ளூரில் டியூப் மாற்றப் போகும்போது, முன் பின் தெரியாத ஒருவர் பழையதை உருவிவிட்டுப் புதியதைக் கைப்போக்கில் விட்டால், இதே கதை முதலிலிருந்து ஆரம்பமாகும். முதல் முறை மாற்றுவது, போட்ட இடத்திலேயே, கம்பியின் மேல் நடக்கட்டும். சி-ஆர்மில் எடுத்த படத்தை ஒரு சிடியிலோ போனிலோ வாங்கிக்கொள்ளுங்கள். சுருக்கம் என்று தெரிந்தால் பின்னால் அதை அறுத்துச் சரிசெய்யும் ஆபரேஷன் தேவைப்படலாம். மதுரையில் யாரிடம் போனாலும் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.